மில்லிமீட்டரைக் கிலோமீட்டராகப் படியுங்கள்

நிலத்தட்டு நகர்வதோ, மலை உயர்வதோ, பாறை தேய்வதோ, வேகம் ‘ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர்’ என்று கொடுத்திருந்தால், அதே எண்ணை ‘பத்து லட்சம் ஆண்டுக்கு அத்தனை கிலோமீட்டர்’ என்று வாசித்துவிடுங்கள். கால்குலேட்டரே வேண்டாம்.

ஒரு கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் மில்லிமீட்டர். ஆண்டுக் கணக்கிலும் அதே பத்து லட்சம்தான், இரண்டும் அடிபட்டுப் போகும். ஹவாயில் சரிபார்க்கலாம். பசிபிக் தட்டு ஓர் எரிமலை ஊற்றின் மேல் நகர நகர, வரிசையாக முளைத்த தீவுகள் அவை. காவாய் தீவுக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டு. அந்த ஊற்றின் மேல் இன்றும் குமுறும் கிலாவியா எரிமலையிலிருந்து அது சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படியானால் பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர், நம் விரல் நகம் வளர்வதைவிட வேகம்!

மலை உயரத்துக்குப் போடும்போது மட்டும் தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் எழும் மலை பத்து லட்சம் ஆண்டில் 5 கிலோமீட்டர் வளர்ந்துவிடாது. ஆறும் பனியாறும் மேலே சுரண்டிக்கொண்டே இருக்கும்.

வேகம் மாறியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஆசியாவோடு மோதுவதற்கு முன் இந்தியத் தட்டு ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவுக்கு ஓடியது, இப்போது 50 அளவுதான். அப்புறம், நிலநடுக்கத்துக்கும் இது உதவாது. நூறாண்டு பூட்டிக் கிடக்கும் பிளவு ஒரே நிமிடத்தில் சில மீட்டர் நழுவிவிடும்.