டிஸ்க் பிதுங்கிக் கால் வலிக்கும்போது: முதல் ஆறு வாரம் செய்ய வேண்டியவை

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஒவ்வொரு டிஸ்கிலும் வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கூழ். வயது ஏற ஏறக் கூழ் வறண்டு, வளையத்தில் விரிசல் விழும். அதன் வழியே கூழ் பின்பக்கம் பிதுங்கி, அருகில் ஓடும் நரம்பு வேரை அழுத்துகிறது. அழுத்தம் மட்டுமல்ல, கூழில் உள்ள வேதிப்பொருட்கள் நரம்பை வீங்க வைப்பதும் வலிக்குக் காரணம். டிஸ்க் முழுதாக இடம் மாறுவதில்லை. எனவே தட்டியோ மிதித்தோ யாரும் அதை உள்ளே தள்ள முடியாது. வலிக்கும் முதுகை முறுக்கி நெட்டி எடுக்க யாரையும் விடாதீர்கள்.

கனமாக எதையோ தூக்கிய அன்று வலி வந்தால் பழி அந்தச் சுமையின் மேல் விழும். பெரும்பாலும் விரிசல் முன்பே இருந்திருக்கும். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. புகைபிடிப்பதும் அப்படியே: டிஸ்குக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு, பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வரும் சத்துதான் ஆதாரம், புகை அதையும் கெடுக்கிறது. உடல் எடை, குலுங்கும் வாகனத்தில் நெடுநேரம் உட்காருவது, குனிந்தபடியே திரும்பித் தூக்குவது ஆகியவையும் சேரும். 30 முதல் 50 வயதுக்காரர்களிடம் அதிகம் பார்க்கிறோம்.

கீழ்முதுகில் கடைசி இரண்டு டிஸ்குகள்தான் பெரும்பாலும் பிதுங்கும். அங்கிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளில் எல்5, எஸ்1 என்ற இரண்டும்தான் அப்போது அதிகம் அழுத்தப்படும். எல்5 நரம்பு மாட்டினால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும், கால் பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். எஸ்1 நரம்பு என்றால் பாதத்தின் வெளி ஓரமும் சிறுவிரலும் மரக்கும், ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்துவது கடினமாகும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்து அடி நடந்து பாருங்கள். பிறகு ஒவ்வொரு காலிலும் பத்து முறை குதிகாலை உயர்த்துங்கள். இரு கால்களையும் ஒப்பிட்டுத் தினமும் குறித்து வையுங்கள். வலி கூடுவதைவிடப் பலம் குறைவது கவலைக்குரியது. பாதம் தொங்கினாலோ, பலம் நாளுக்கு நாள் குறைந்தாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று அதைவிட அவசரம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமை, மர்ம உறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒருசேரத் தளர்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். காய்ச்சலோ, காரணமின்றி எடை குறைவதோ, முன்பு புற்றுநோய் இருந்ததோ முதுகுவலியோடு சேர்ந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அவசரமில்லை. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரியும். அந்த அறிக்கையைப் படித்துப் பயந்து படுத்துவிடுவதுதான் கெடுதல்.

படுக்கை ஓய்வு ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை வையுங்கள். எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். ஒரே மூச்சில் 20-30 நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். 5-10 நிமிட நடை, ஒரு நாளில் பல முறை.

பயிற்சியில் வழிகாட்டி ஒன்றுதான்: வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. குப்புறப் படுத்து 2 நிமிடம் இருங்கள். தாங்க முடிந்தால் முழங்கையை ஊன்றி 2 நிமிடம். அடுத்து உள்ளங்கையை ஊன்றி மார்பை மட்டும் மெல்ல உயர்த்துங்கள்; இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். 10 முறை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை. கெண்டைக்கால் வலி தொடைக்கும், பிறகு இடுப்புக்கும் ஏறினால் நல்ல அறிகுறி. இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் தொடரலாம். வலியோ மரமரப்போ பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள். இது எல்லோருக்கும் பொருந்தாது. நரம்புகள் செல்லும் முதுகெலும்புக் குழாய் சுருங்கிய முதியவர்களுக்குப் பின்னால் வளைவது வலியைக் கூட்டும். அவர்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வதைச் செய்வதே சரி.

இபுப்ரோஃபென், நேப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகளில் ஏதாவது ஒன்றை மட்டும், சாப்பாட்டுக்குப் பின், சில நாள் எடுக்கலாம். இதே வகை மாத்திரைகள் இரண்டைச் சேர்த்துப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கர்ப்பம் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இடுப்பில் பெல்ட் போடுவதானால் சில நாளோடு நிறுத்துங்கள்.

பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கால்வலி நன்கு குறைந்துவிடும். பிதுங்கிய கூழை உடலே மெல்லக் கரைக்கிறது. பெரிய பிதுக்கங்கள்தான் பல நேரம் அதிகம் சுருங்குகின்றன. அதற்குள் வலி தாங்கவில்லை என்றால் நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது நிவாரணம் தரும், ஆனால் தற்காலிகமாக. ஆறு வாரத்துக்கு மேலும் கால்வலி அடங்காமல், ஸ்கேனில் தெரியும் நரம்பும் வலிக்கும் இடமும் ஒத்துப்போனால் பிதுங்கிய துண்டை மட்டும் அகற்றும் மைக்ரோ டிஸ்கெக்டமியைப் பற்றிப் பேசலாம். அதில் கால்வலி விரைவில் தீரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் பொறுத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலையில் இருப்பார்கள். முதுகுவலி மட்டும் இருப்பவருக்கு இந்த அறுவை பெரிதாக உதவாது. செய்துகொண்டவர்களில் சிலருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கவும் செய்யும்.

வலி போன பிறகும் மரமரப்பு மாதக்கணக்கில் தங்கலாம். குதிகால் சோதனையில் பலம் கூடிக்கொண்டே போகிறதென்றால் அதற்காகத் திரும்ப ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.