ஹனோய் சா கா: மஞ்சள் மீனும் ஒரு கட்டு சதகுப்பையும்

வியட்நாம்ல ஹனோய் ஊர் ஸ்பெஷல் இந்த சா காங்கிற மீன் வறுவல். டோவான் குடும்பத்தோட கடையில இது அவ்ளோ ஃபேமஸாகி, ஹாங் சோன்னு இருந்த தெரு பேரையே சா கான்னு மாத்திட்டாங்கன்னா பாத்துக்கோங்க. மொதல்ல சுட்டு, அப்புறம் எண்ணெயில வறுக்கணும், ரெண்டு வேலை, ஆனா கஷ்டமில்ல.

அங்க லாங்னு ஒரு பெரிய கெளுத்தி வகை மீன் போடுவாங்க. கிடைக்கலன்னா விரால் எடுங்க, வியட்நாம்லயும் விரால்ல செய்றவங்க இருக்காங்க. அரை கிலோ, முள்ளு, தோல் இல்லாம, ரெண்டு விரல் அகலத் துண்டா வெட்டி துணியால நல்லா ஒத்தி எடுத்துடுங்க. நான் மொத தடவ ஈரத்தோடயே போட்டு, திருப்புறப்ப எல்லாம் உடைஞ்சு புட்டு மாதிரி ஆயிடுச்சு.

ஊற வைக்க: மஞ்சத்தூள் 1 டீஸ்பூன், இடிச்சு பிழிஞ்ச சித்தரத்தை சாறு 2 ஸ்பூன், ஃபிஷ் சாஸ் (உப்பு போட்டு புளிக்க வச்ச மீன் சாறு) 2 ஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம், எண்ணெய் 1 ஸ்பூன். அவங்க புளிச்ச சோத்து விழுது சேர்ப்பாங்க, அதுக்கு பதிலா கெட்டித் தயிர் 2 ஸ்பூன் போதும். உப்பு தனியா சேர்க்க வேணாம், மிளகாத்தூளும் வேணாம், கை அரிச்சாலும் போடாதீங்க! 1 மணி நேரம் ஊறட்டும்.

அப்புறம் கரி அடுப்புலயோ கிரில்லுலயோ ரெண்டு பக்கமும் ஓரம் லேசா கருகுற வரைக்கும் சுடுங்க. முக்கால் பதம் போதும்.

இனிமேதான் விஷயமே. சதகுப்பை கீரையையும் (இங்கிலீஷ்ல டில்) வெங்காயத் தாளையும் விரல் நீளத்துக்கு நறுக்கி வைங்க, கொத்தமல்லி தூவுற மாதிரி ஒரு சிட்டிகை இல்ல, ஆளுக்கு ஒரு கை நிறைய, ஏன்னா இதுல அது அலங்காரம் இல்ல, காய் மாதிரி. நான் கஞ்சத்தனமா போட்டப்ப சும்மா மஞ்சள் போட்ட மீன் வறுவல் மாதிரிதான் இருந்துச்சு. வாணலியில 4 ஸ்பூன் எண்ணெய் காஞ்சதும் மீனைப் போட்டு, சலசலன்னு சத்தம் வந்ததும் கீரை ரெண்டையும் மேல கொட்டி ஒரே ஒரு பெரட்டு பெரட்டுங்க. கீரை வாடி, எண்ணெய் மஞ்சளும் பச்சையுமா மாறுறப்ப அடுப்பை அணைச்சுடுங்க, அதுக்கு மேல விட்டா வாசனை போயிடும்.

தொட்டுக்க மாம் தோம், அதாவது புளிக்க வச்ச இறால் விழுது. 1 ஸ்பூனுக்கு எலுமிச்சை சாறு, சர்க்கரை, நறுக்குன மிளகா போட்டு, வாணலியில இருக்க சூடான எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு நுரை வர்ற வரைக்கும் அடிங்க. நாத்தம் தாங்கலன்னா ஃபிஷ் சாஸ்லயே கலந்துக்கலாம், யாரும் அடிக்க வரமாட்டாங்க.

கிண்ணத்துல இடியாப்பம் மாதிரியான அரிசி நூடுல்ஸ், மேல மீன், கீரை, வறுத்த வேர்க்கடலை, கடைசியா அந்த எண்ணெய் ஒரு கரண்டி. ஹனோய்ல அடுப்பையே மேசைக்கு கொண்டு வந்துடுவாங்க, அதனால ஒரேயடியா எல்லாத்தையும் வறுத்துடாம கொஞ்சம் கொஞ்சமா போட்டு சுடச்சுட சாப்பிடுங்க.