ஊர்க் குடிநீர்த் திட்டம் நின்றுபோகாமல் ஓட: குழுவினருக்கான செய்முறை

கிராமத்துக் குடிநீர்த் திட்டம் தொட்டி இடிந்து நின்றுபோவது அபூர்வம். மோட்டார் புகைந்த அன்று கையில் பணம் இருக்காது, அல்லது கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது, அங்கேதான் நிற்கும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. தண்ணீர் வராத வீடு கட்டணம் கட்டாது. கட்டணம் குறைந்தால் பழுது தள்ளிப்போகும். பழுது தள்ளிப்போனால் இன்னும் இரண்டு தெருவுக்குத் தண்ணீர் நிற்கும். அதனால் கீழே உள்ள எல்லா வேலையும் கடைக்கோடி வீட்டுக் குழாயை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

கணக்குக்காக 300 வீடு, 1,200 பேர், ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), அதற்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் 5 எச்பி த்ரீ பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: திட்டத்தைக் கைக்கு வாங்கும்போதே விவரம் கேட்டு வாங்குங்கள்

ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதலின்படி ஊர்க் குடிநீர்க் குழுவில் 10 முதல் 15 பேர். அதில் பாதிப் பேர் பெண்கள். குழுவின் முதல் வேலை, ஒப்பந்ததாரர் ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் நான்கு தகவலை எழுத்தில் வாங்குவது: போரின் ஆழம், கேசிங் குழாய் (போரின் சுவர் சரியாமல் காக்கும் வெளிக்குழாய்) எத்தனை அடி வரை இறங்கியிருக்கிறது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, பைப்லைன் வரைபடம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வால்வு குழிக்கும் எண் கொடுத்துப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதுங்கள். இதைத் தவறவிட்ட ஊரில், ரோடு போடும்போது வால்வு மண்ணுக்கடியில் போய்விடும். பிறகு ஒரு தெருவில் குழாய் உடைந்தாலும் ஊர் முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டியதுதான்.

மோட்டாரை இறக்கும்போது கூடவே ஒரு முக்கால் இஞ்ச் பிவிசி குழாயையும் இறக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு. பின்னாளில் போரின் நீர்மட்டத்தை அளக்க அதுதான் வழி.

படி 2: கட்டணத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

"பக்கத்து ஊரில் 30 ரூபாய், நமக்கும் அதுவே" என்று முடிவெடுத்தால் முதல் பெரிய பழுதிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் 1,200 பேருக்கு 66,000 லிட்டர். கசிவுக்கு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 76,000. மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் ஏற்றினால் தினமும் ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட வேண்டும். 5 எச்பி மோட்டார் மணிக்குச் சுமார் 5 யூனிட் இழுக்கும்; மாதம் 1,140 யூனிட்.

ஒரு மாதிரிக் கணக்கு: யூனிட் 8 ரூபாய் என்றால் மின்சாரம் 9,120. ஆபரேட்டர் சம்பளம் 6,000. பிளீச்சிங் பவுடர் 400. குழாய், வால்வு, வாஷர் 2,500. புது மோட்டாருக்கென 60,000 ரூபாயை ஐந்து வருடத்தில் சேர்க்க மாதம் 1,000. மொத்தம் 19,020. முன்னூறால் வகுத்தால் 63 ரூபாய் வரும், அங்கே நிறுத்தாதீர்கள். எல்லா வீடும் எல்லா மாதமும் கட்டாது. 240 வீடு கட்டும் என்று வைத்து வகுத்தால் 79. ஆகவே 80 ரூபாய். மோட்டாருக்கான ஆயிரத்தைத் தனி வங்கிக் கணக்கில், இருவர் கையெழுத்தோடு வையுங்கள். கோயில் கொடைக்கோ சாலைக்கோ அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க விடக் கூடாது.

படி 3: மோட்டார் ரூமில் ஒரு நோட்டு

தினமும் மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், வோல்டேஜ், மூன்று பேஸிலும் ஆம்பியர் (மோட்டார் இழுக்கும் மின்னோட்டம்), இவ்வளவுதான். வாரம் ஒரு நாள் தண்ணீர் ஏறும் வேகத்தையும் அளக்க வேண்டும். தொட்டியில் முழு நீர் ஆழம் 3 மீட்டர் என்றால் 10 செ.மீ. உயர்வது 1,000 லிட்டர். வெளியே போகும் வால்வை மூடிவிட்டு, அந்த 10 செ.மீ. ஏற எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஆறு நிமிடம் என்றால் மணிக்கு 10,000 லிட்டர். எட்டு நிமிடமாகிவிட்டால் 7,500தான்.

வேகம் குறைந்ததும் மோட்டாரை மேலே தூக்கச் சொல்வார்கள். அதற்கு முன் நோட்டைப் புரட்டுங்கள். தண்ணீரும் குறைந்து ஆம்பியரும் குறைந்திருந்தால், போரில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், அல்லது இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தேய்ந்திருக்கலாம். முக்கால் இஞ்ச் குழாயில் எடை கட்டிய டேப்பை விட்டு மட்டத்தை அளந்தால் எது என்று தெரிந்துவிடும். தண்ணீர் குறைந்தும் ஆம்பியர் அப்படியே இருந்தால், போருக்குள் இறங்கும் குழாயில் ஓட்டை இருக்கலாம். தண்ணீர் உள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும். ஆம்பியர் ஏறியிருந்தால் வோல்டேஜ் குறைவு, மணல் அல்லது பேரிங் பிரச்சினை. ஒரு பேஸில் மட்டும் வித்தியாசம் என்றால் உடனே நிறுத்துங்கள். சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) டிரை ரன் பாதுகாப்பும் (தண்ணீரில்லாமல் ஓடினால் நிறுத்துவது) இல்லாத ஸ்டார்ட்டரை ஏற்கவே கூடாது. மோட்டார் எரிந்துபோக அவை இல்லாததே போதும்.

நீர்மட்டத்தைக் காலையில், மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒருமுறை. மே மாத மட்டம் வருடாவருடம் இறங்கினால், போர் வற்றும் முன்பே மாற்று ஏற்பாட்டைத் தொடங்க அவகாசம் கிடைக்கும்.

படி 4: கடைசித் தெருவில் குடம் வைத்துப் பாருங்கள்

தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் 15 லிட்டர் குடம் 3 நிமிடத்தில் நிறைகிறது; கடைசி வீட்டில் 6 நிமிடம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 15 குடம். முதல் வீட்டுக்கு முக்கால் மணி போதும், கடைசி வீட்டுக்கு ஒன்றரை மணி வேண்டும். இரு தெருவுக்கும் ஒரே நேரம் திறந்தால் நியாயமில்லை. தெருவாரியாக வால்வு போட்டு, தூரத்துத் தெருவைத் தொட்டி நிறைந்திருக்கும்போது முதலில் திறக்கச் சொல்லுங்கள்.

தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். அடுத்த வீட்டுத் தண்ணீர் போவதோடு நிற்காது. குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, சாக்கடையோரம் இருக்கும் சிறு கசிவு வழியாக அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். வயிற்றுப்போக்கு பரவும்போது முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இது.

கசிவைக் கண்டுபிடிக்க, எல்லோரும் தூங்கியபின் தெரு வால்வுகளை மூடி, தொட்டி வால்வை மட்டும் திறந்து வைத்துவிட்டு நான்கு மணி நேரம் கழித்து மட்டம் பாருங்கள். 1 செ.மீ. இறங்கினால் 100 லிட்டர். மட்டம் இறங்கினால் மெயின் லைனையும் தொட்டியையும் பாருங்கள். இறங்கவில்லை என்றால் அடுத்தடுத்த இரவு ஒவ்வொரு தெருவாகத் திறந்து பார்க்கலாம்.

படி 5: குளோரின்

1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளிய விடுங்கள். தெளிந்த நீரை மட்டும், தொட்டியில் கால்வாசித் தண்ணீர் இருக்கும்போது ஊற்றினால், ஏறிவரும் தண்ணீரே கலக்கிவிடும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகக் கூடாது. தொட்டி நிறைந்து அரை மணி கழித்தே திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவை நிறம் பார்த்துச் சொல்லும் சிறு கருவி) சோதித்துப் பாருங்கள்: லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் குறைந்தபட்சம் மிஞ்சியிருக்க வேண்டும். வரவில்லை என்றால் பவுடர் பழையதாக இருக்கலாம்; திறந்து கிடக்கும் மூட்டையில் வீரியம் சீக்கிரம் போய்விடும். மூன்று மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போல ஃபுளோரைடு உள்ள இடத்தில் குளோரினால் அதை நீக்க முடியாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து, லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் இருந்தால் வேறு நீராதாரம் தேட வேண்டும்.

படி 6: கணக்கை மார்ச் 22 அன்று வையுங்கள்

தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. வரவு, செலவு, மோட்டார் நிதி இருப்பு, மே மாத நீர்மட்டம், கடைசி வீட்டுக் குடம் நிறையும் நேரம் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதி அன்று வாசியுங்கள். கட்டணத்தை ஏற்ற வேண்டியிருந்தால் அங்கேயே கேளுங்கள். ஆபரேட்டருக்கு மாற்றாக இன்னொருவரை, முடிந்தால் குழுவில் உள்ள பெண் ஒருவரை, அதே கூட்டத்தில் தேர்ந்தெடுத்து மறுவாரமே ஸ்டார்ட்டரையும் வால்வுகளையும் இயக்கப் பழக்கிவிடுங்கள்.