கிராஸ் கன்ட்ரி சீசனுக்குப் பள்ளி அணியைத் தயார் செய்வது எப்படி

கிராஸ் கன்ட்ரி என்பது திறந்தவெளித் தரையில் ஓடும் நீண்ட தூர ஓட்டப் போட்டி. சீசன் தொடங்கியதுமே பிள்ளைகளை வேகமாக ஓட விடாதீர்கள். முதல் சில வாரங்களுக்குப் பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும், அதையும் தார் ரோட்டில் இல்லாமல் புல், மண், மேடு பள்ளம் என்று மாற்றி மாற்றி ஓட வையுங்கள், போட்டியும் அப்படிப்பட்ட தரையில்தானே. அப்புறம் மேட்டு ஓட்டம், வாரம் ஒருமுறை.

புள்ளிக் கணக்கைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். பல பள்ளிப் போட்டிகளில் அணிக்கு 7 பேர் ஓடுவார்கள், அதில் முதல் 5 பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைந்த அணிக்குத்தான் வெற்றி. அதனால் முதலில் வருபவரைவிட ஐந்தாவதாக வருகிற பிள்ளைதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது, அங்கே கவனம் வையுங்கள்! மற்ற 2 பேரும் எதிரணியின் ஐந்தாவது ஆளை முந்தினால் எதிரணியின் கூட்டுத்தொகை ஏறும், அது நமக்கு நல்லது.

கீழ்க்கால் எலும்பில் வலி என்று யாராவது சொன்னால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.