பல்கலைக்கழக ஆய்வு மாநாடு: ஒருங்கிணைப்புக் குழுவில் சேரும் முதுகலை மாணவர்களுக்கான செய்முறை

துறை ஆய்வு மாநாடு நடத்த முடிவெடுத்ததும், ஒருங்கிணைப்புக் குழுவில் முதுகலை மாணவர்கள் சிலரையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். எந்தக் கட்டுரையை ஏற்பது என்பதைப் பேராசிரியர்கள் தீர்மானிப்பார்கள். ஆனால், ஒரு கட்டுரை வந்து சேர்ந்த நாள் முதல் அரங்கில் வாசிக்கப்படும் வரை எங்கும் தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் மாணவர்களிடமே இருக்கிறது. பல மாத உழைப்பை நம்மிடம் ஒப்படைப்பவருக்கு நாம் காட்டும் மரியாதை, இந்தப் பொறுப்பைச் சரிவர நிறைவேற்றுவதில்தான் தெரியும்.

படி 1: மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஏற்பு அறிவிப்பு கிடைத்த பிறகே பலரும் விடுப்புக்கும் பயண நிதிக்கும் விசாவுக்கும் விண்ணப்பிக்க முடியும் என்பதால், மாநாட்டுக்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே அந்த அறிவிப்பு போய்விட வேண்டும். மதிப்பீட்டுக்கு ஒரு மாதம், கட்டுரைச் சுருக்கங்கள் வந்து சேர இரண்டு மாதங்கள் என்று கணக்கிட்டால், முதல் அறிவிப்பை ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே வெளியிட வேண்டியிருக்கும். கடைசி நாளைக் குறிப்பிடும்போது எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பல பன்னாட்டு மாநாடுகள் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தைக் கணக்கில் கொள்கின்றன. உலகில் ஏதோ ஓரிடத்தில் அந்தத் தேதி முடியாமல் இருக்கும் வரை கட்டுரை அனுப்பலாம் என்பது அதன் பொருள்.

படி 2: ஒரே பதிவேடு, மாறாத எண்

வரும் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். இடையில் யாராவது விலகிக்கொண்டாலும் அந்த எண்ணை வேறு எவருக்கும் கொடுக்காதீர்கள். ஈசிசேர், மைக்ரோசாஃப்ட் சிஎம்டி போன்ற மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்யும். சிறிய மாநாட்டுக்குக் குழுவினர் எல்லோரும் திறக்கக்கூடிய ஓர் எக்செல் கோப்பே போதும். கட்டுரை ஆசிரியர் பெயர், மின்னஞ்சல், தலைப்பு, மதிப்பீட்டாளர்கள், முடிவு, கட்டணம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நெடுவரிசை இருக்கட்டும். கடிதப் போக்குவரத்துக்கு மாநாட்டுக்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி தொடங்குங்கள். ஒருவரின் சொந்த முகவரிக்குக் கடிதங்கள் வந்தால், அவர் தேர்வுக்குப் படிக்கும் வாரத்தில் மாநாட்டு வேலையே நின்றுவிடும்.

படி 3: மதிப்பீடு

மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம் இது. ஆசிரியரும் மதிப்பீட்டாளரும் ஒருவரையொருவர் அறியாத முறையைக் குழு தேர்ந்தெடுத்திருந்தால், முதல் பக்கத்திலுள்ள பெயரை நீக்குவது மட்டும் போதாது. வேர்ட் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் பதிந்திருக்கும். நன்றியுரையில் நெறியாளர் பெயர் இருக்கும். ‘எனது முந்தைய கட்டுரையில் காட்டியதுபோல்’ என்ற ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றைப் பார்த்தால் நீங்களே திருத்தாமல், எந்த இடம் என்பதைச் சுட்டிக்காட்டி ஆசிரியருக்கே திருப்பி அனுப்புங்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் தேவை; இருவரும் முரண்பட்டால் மூன்றாமவரின் கருத்தைக் கேட்கலாம். ஆசிரியரின் நெறியாளர், அவருடைய பல்கலைக்கழகத் துறையிலேயே பணிபுரிபவர், அண்மையில் அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் ஆகியோருக்கு அந்தக் கட்டுரையை அனுப்பக் கூடாது. உங்கள் கட்டுரையோ நெருங்கிய நண்பரின் கட்டுரையோ வந்திருந்தால், அது தொடர்பான பணியை உடனே வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பு மதிப்பீட்டாளருக்கு நினைவூட்டுங்கள்: ‘ஐயா, கட்டுரை எண் 47-க்கான தங்கள் மதிப்பீட்டை வரும் வெள்ளிக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறோம். நேரம் போதாதெனில் இன்றே தெரிவித்தால் மாற்று ஏற்பாடு செய்துகொள்வோம்.’ இரண்டாம் வாக்கியம்தான் முக்கியம். மறுக்க வழி தெரியாமல் மௌனமாக இருப்பவரிடமிருந்து அதுவே பதிலைப் பெற்றுத்தரும்.

படி 4: நிகழ்ச்சி நிரல்

ஒருவருக்கு 15 நிமிட உரை, 5 நிமிடக் கேள்வி என்று வைத்தால், 90 நிமிட அமர்வில் நான்கு கட்டுரைகளே அடங்கும். ஐந்தாவதைத் திணித்தால் கேள்வி நேரம்தான் பறிபோகும். இளம் ஆய்வாளர்கள் மாநாட்டுக்கு வருவதே அந்தக் கேள்விகளுக்காகத்தான். இணை அமர்வுகள் இருந்தால், ஒரே பொருளைச் சார்ந்த கட்டுரைகளை ஒரே நேரத்தில் வெவ்வேறு அரங்குகளில் வைக்காதீர்கள். உரையாளர் ஒருவர் வராவிட்டாலும் அடுத்தவரை முன்னதாக மேடையேற்ற வேண்டாம். நிரலைப் பார்த்து இன்னோர் அரங்கிலிருந்து எழுந்து வருபவர் அந்த உரையைத் தவறவிடுவார். கிடைத்த 20 நிமிடங்களைக் கலந்துரையாடலுக்குப் பயன்படுத்தலாம்.

ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் வைக்கும் சுவரொட்டிக் காட்சி இருந்தால் முதலில் பலகையை அளந்துவிட்டு, பிறகு அளவை அறிவியுங்கள். ஏ0 தாள் 841 மி.மீ. அகலமும் 1189 மி.மீ. உயரமும் கொண்டது, அகலவாட்டில் அச்சிட்டு வந்தால் குறுகிய பலகையில் அது நிற்காது.

படி 5: மாநாட்டு நாள்

அரங்குக்கு இரண்டு மாணவர்கள் போதும்: ஒருவர் கணினிக்கு, மற்றவர் நேரத்துக்கு. ஸ்லைடுகளை முந்தின மாலையே வாங்கி, அரங்கின் கணினியிலேயே திறந்து பாருங்கள். எழுத்துரு மாறிப்போகும் அபாயம் உண்டு என்பதால் பிடிஎஃப் பிரதியும் அருகில் இருக்கட்டும். ‘5’, ‘2’, ‘நேரம் முடிந்தது’ என்ற மூன்று அட்டைகளைப் பெரிய எழுத்தில் எழுதி, உரையாளரின் கண்ணில் படும்படி முன்வரிசையில் அமருங்கள். அவருடைய பெயரை எப்படி உச்சரிப்பது என்று முன்கூட்டியே கேட்டு அமர்வுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். உணவு, பதாகை, பெயர் அட்டை ஆகியவற்றுக்கு ஆளுக்கொருவரைப் பொறுப்பாக்கினால் போதும்.

படி 6: முடிந்த பிறகு

சான்றிதழில் பெயரை அவரவர் பதிவுப் படிவத்தில் எழுதிய எழுத்துகளிலேயே அச்சிடுங்கள். கட்டுரை வாசித்தவருக்கும் பார்வையாளராக வந்தவருக்கும் சான்றிதழின் வாசகம் வேறுபட வேண்டும். தொகுப்பு நூல் வெளியிடுவதாக இருந்தால் ஒவ்வோர் ஆசிரியரிடமும் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். செலவுச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கித் துறை அலுவலகத்தில் கொடுங்கள். விசாக் கடிதத்துக்காக வாங்கிய பாஸ்போர்ட் நகல்களை, பயன் முடிந்ததும் கணினி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் ஆகிய மூன்றிலிருந்தும் அழித்துவிடுங்கள்.