ஹேண்டிகேப் கணக்கில் மைதானமும் காற்றும்: கோல்ஃபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்ஃபில் திறமை வேறுபட்டவர்களும் சமமாகப் போட்டியிட, ஒருவரின் ஸ்கோரிலிருந்து கழிக்கும் ஸ்ட்ரோக்குகளின் (அடிகளின்) எண்ணிக்கைதான் ஹேண்டிகேப். ஆடுகிறவரிடம் அது எவ்வளவு என்று கேட்டால் "பதினைந்து" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். எந்த மைதானத்தில், எந்த டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

2020இல் உலக ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அமெரிக்கா, பிரிட்டன்–அயர்லாந்து, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா என்று ஆறு முறைகள் தனித்தனியாக இருந்தன. அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏவும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் கோல்ஃப் விதி அமைப்பான ஆர் அண்ட் ஏவும் சேர்ந்து அவற்றை ஒன்றாக்கின. புதிய முறை மைதானத்தின் கடினத்தை ஓரிடத்தில் கணக்கில் எடுக்கிறது, அன்றைய நாளின் கடினத்தை வேறோரிடத்தில் எடுக்கிறது. இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

கையில் இருக்கும் ஹேண்டிகேப் இண்டெக்ஸை அப்படியே எல்லா மைதானத்துக்கும் எடுத்துப்போவதுதான் முதல் தவறு. இண்டெக்ஸ் எந்த மைதானத்தையும் சேராத பொது எண். ஆட்டத்துக்கு முன் அதை அந்த மைதானத்துக்கு, அந்த டீக்கு உரிய கோர்ஸ் ஹேண்டிகேப்பாக மாற்ற வேண்டும். இண்டெக்ஸை ஸ்லோப் ரேட்டிங்கால் பெருக்கி, 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரை (மைதானத்தை முடிக்க நிர்ணயித்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை) கழித்தால் வருவதைக் கூட்டுங்கள் (இந்த இரண்டு ரேட்டிங்கும் என்ன என்பது அடுத்த பத்தியில்). இண்டெக்ஸ் 15.0 என்று வைத்துக்கொள்வோம். ஸ்லோப் 130, கோர்ஸ் ரேட்டிங் 72.4, பார் 72 உள்ள மைதானத்தில் அவருக்கு 18 ஸ்ட்ரோக். ஸ்லோப் 105, கோர்ஸ் ரேட்டிங் 68.3, பார் 70 என்றால் 12தான். ஒரே ஆள், ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசம்! "நான் பதினைந்து" என்று சொல்லிக்கொண்டு ஆடினால் ஒரு மைதானத்தில் அவருக்கு நஷ்டம், இன்னொன்றில் எதிராளிக்கு நஷ்டம். டீயை மாற்றினாலும் இதே கதைதான். ஒவ்வொரு டீக்கும் தனி ரேட்டிங் உண்டு, ஒரே டீக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு ரேட்டிங் உண்டு. போட்டி என்றால் இந்தக் கோர்ஸ் ஹேண்டிகேப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் எடுக்கப்படும். தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணும் போட்டி) வழக்கமாக 95 சதவீதம்.

அடுத்தது ஸ்லோப். இதைப் பற்றிய தவறான எண்ணம் நன்றாக ஆடுகிறவர்களிடமும் இருக்கிறது. ஸ்லோப் அதிகம் என்றால் மைதானம் கடினம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்கிராட்ச் ஆட்டக்காரர், அதாவது ஹேண்டிகேப் 0 உள்ளவர், அந்த மைதானத்தில் எவ்வளவு அடிப்பார் என்பதைச் சொல்வது கோர்ஸ் ரேட்டிங். அவரோடு ஒப்பிட்டால் போகி ஆட்டக்காரருக்கு, அதாவது ஹேண்டிகேப் 20 வாக்கில் உள்ள ஆணுக்கும் 24 வாக்கில் உள்ள பெண்ணுக்கும், எவ்வளவு கூடுதலாகச் சிரமம் ஏறுகிறது என்பதைச் சொல்வது ஸ்லோப். அது 55இல் தொடங்கி 155 வரை போகும், நடுநிலை எண் 113. ஆண்களுக்கான ரேட்டிங்கை வைத்து இரண்டு மைதானங்களைப் பாருங்கள். ஒன்றில் கோர்ஸ் ரேட்டிங் 74, ஸ்லோப் 118. மற்றதில் 70, 138. ஸ்லோப்பை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் பயங்கரம். ஆனால் ஸ்கிராட்ச் ஆட்டக்காரருக்கு அது நான்கு ஸ்ட்ரோக் சுலபம். போகி ஆட்டக்காரருக்கோ இரண்டிலும் கிட்டத்தட்ட 96தான் வரும். ஆகவே ஸ்லோப்பைத் தனியாகப் படிக்காதீர்கள். கோர்ஸ் ரேட்டிங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மைதானத்தில் வழக்கமாக அடிக்கும் காற்று, ஏற்ற இறக்கம், பந்து உருளும் தூரம், பங்கர் (மணல் பள்ளம்), மரம், தண்ணீர், கிரீனின் வேகம் எல்லாம் ரேட்டிங் குழு நேரில் வந்து பார்க்கும்போதே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கடல் மட்டத்திலிருந்து உயரமும் சேரும். மலைமேல் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும் (ஊட்டியில் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்). எனவே "இது கடலோர மைதானம், எப்போதும் காற்றுதான், எனக்கு ரெண்டு ஸ்ட்ரோக் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்பது, ஒரே காற்றுக்கு இரண்டு முறை சலுகை கேட்பதாகும்.

சரி, வழக்கத்துக்கு மாறாகப் புயல் போல அடித்தால்? அதற்குத்தான் பிளேயிங் கண்டிஷன்ஸ் கால்குலேஷன், சுருக்கமாக பிசிசி. இதைப் பற்றித்தான் தவறான பேச்சு மிக அதிகம். பிசிசி வானிலையைப் பார்ப்பதில்லை. காற்றின் வேகமோ மழையின் அளவோ அதற்குத் தெரியாது. அன்று அந்த மைதானத்தில் பதிவான ஸ்கோர்களை, அவரவர் இண்டெக்ஸ்படி எதிர்பார்த்த ஸ்கோரோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். இண்டெக்ஸ் 36.0 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களின் ஸ்கோர் குறைந்தது எட்டு வேண்டும். வரும் எண் -1, 0, +1, +2, +3 இவற்றில் ஒன்று. நாள் எளிதாக இருந்தால் -1 கூட வரலாம். பெரும்பாலும் 0தான். காற்றில் தடுமாறிய நாளில் பிசிசி 0 என்று வந்தால் கோபப்பட வேண்டாம். மற்றவர்கள் எதிர்பார்த்தபடியே ஆடியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

பிசிசி அன்றைய போட்டியில் யாருக்கும் கூடுதல் ஸ்ட்ரோக் தராது. அது ஆட்டம் முடிந்தபின் உங்கள் ஸ்கோர் டிஃபரன்ஷியலில் (அந்த ஸ்கோரை மைதானத்தின் கடினத்தோடு சேர்த்து அளக்கும் எண்) மட்டும் வரும். 72.4 ரேட்டிங், 130 ஸ்லோப்பில் நீங்கள் 92 அடித்தால் டிஃபரன்ஷியல் 17.0. அன்று பிசிசி +2 என்றால் அதே 92க்கு 15.3. அந்த 92 சரிசெய்த ஸ்கோராக இருக்க வேண்டும். ஒரு குழியில் பத்து, பதினொன்று என்று போனாலும், பாரோடு இரண்டும் அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக்கும் சேர்ந்த அளவோடு ஹேண்டிகேப் கணக்கு நின்றுவிடும். பார் 4இல் ஒரு ஸ்ட்ரோக் கிடைத்தால் 7தான் உச்சம்.

இத்தனை இருந்தும் சிலர் தாங்களே நீதிபதி ஆகிவிடுகிறார்கள். மழை பெய்தது, ஃபேர்வேயில் பந்தை எடுத்து வைத்து ஆட அனுமதித்தார்கள், அதனால் இந்த ஸ்கோர் சேராது என்று கார்டைக் கிழித்துப் போடுகிறார்கள். பிரிஃபர்ட் லைஸ் விதி அமலில் இருந்தாலும் ஸ்கோர் செல்லும். அதைப் பதிவு செய்ய வேண்டும். மோசமான நாளைப் போட்டால் இண்டெக்ஸ் கெட்டுவிடும் என்ற பயமும் தேவையில்லை. கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8 டிஃபரன்ஷியலின் சராசரிதான் இண்டெக்ஸ், மற்ற 12 அந்தச் சராசரியில் வராது. இதே காரணத்தால், தினமும் ஹேண்டிகேப்புக்கு ஏற்றபடி ஆட முடியவில்லையே என்று மைதானத்தைக் குறை சொல்வதும் சரியில்லை. அது உங்கள் நல்ல நாட்களின் எண், எல்லா நாட்களின் சராசரி அல்ல.

அப்புறம், ஸ்கோரை நாளைக்குப் போடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிசிசி அன்றிரவே கணக்கிடப்படுகிறது. தாமதமாகப் போட்டாலும் அன்றைய பிசிசி உங்கள் ஸ்கோருக்குப் பொருந்தும். ஆனால் அந்த எண்ணைத் தீர்மானிப்பதில் உங்கள் ஸ்கோருக்குப் பங்கு இருக்காது. ஏழு பேர் போட்டு, எட்டாவது ஆளாக நீங்கள் மறுநாள் காலை போட்டால், எவ்வளவு காற்று அடித்திருந்தாலும் அந்த எட்டுப் பேருக்கும் பிசிசி 0தான்.