யாழ்ப்பாணத்து ஆட்டிறைச்சி உருகாமல் நுவரெலியா வந்தது

மனைவியின் ஊர் யாழ்ப்பாணம். ஒவ்வொரு முறையும் 5 கிலோ ஆட்டிறைச்சியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவோம். வவுனியா, தம்புள்ளை வெக்கையைத் தாண்டி நுவரெலியாவில் இறங்கும்போது ரெஜிஃபோம் (தெர்மாகோல்) பெட்டியின் அடியில் சிவப்புத் தண்ணீர் நிற்கும்.

ஐஸ் போதவில்லை என்று நினைத்து மீன் கடை ஐஸை வாங்கிக் கொட்டினேன். அது உருகி இறைச்சியை ஊறவைத்ததுதான் மிச்சம். அடுத்த முறை சுற்றிவர டேப் ஒட்டினேன். ஒழுகவில்லை, ஆனால் திறந்ததும் வாடை.

கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் மச்சானிடம் கேட்டேன். அவன் இறைச்சியை விமானத்தில்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான். உலர் பனி (உறையவைத்த கரியமில வாயு) போட்டால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், ஆளுக்கு 2.5 கிலோவுக்கு மேல் கூடாது, வாயு வெளியேற வழியும் விட வேண்டும். அந்தக் கரைச்சலே வேண்டாமென்று அவன் அதைப் போடுவதில்லை. "இறைச்சிதான்டா ஐஸ். கல்லு மாதிரி உறையவிடு" என்றான்.

முன்பு 5 கிலோவையும் ஒரே கட்டியாக ஓர் இரவுதான் ஃப்ரீசரில் வைப்பேன். நடுப்பகுதி உறைந்திருக்கவே இல்லை. இம்முறை அரைக் கிலோப் பைகளாகத் தட்டையாக்கி, காற்றை நசுக்கி வெளியேற்றி, இரண்டு நாள் வைத்தேன். பெட்டியின் இடைவெளிகளில் பத்திரிகைத் தாள்.

அப்படியும் அடிப்பக்கம் மட்டும் இளகியிருந்தது. பஸ் டிக்கிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தரை சுட்டது! அப்புறம் பெட்டிக்குக் கீழே பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். போன வாரம் வீட்டுக்கு வந்து பைகளைப் பிரிக்கக் கத்தியால் தட்ட வேண்டியிருந்தது.